அடி ஈரமாகாத பழ பேஸ்ட்ரி, பஞ்சுபோன்ற இனிப்பு ரோல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில் 18 வருஷமாக ஓவன் வைத்து பழம் வைத்த பேஸ்ட்ரியும் இனிப்பு ரோலும் செய்து வருகிறேன். கோடை விடுமுறைக்கு அண்ணன் தம்பி பிள்ளைகள், ஜூலை ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வரும் சொந்தங்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் என்று வீட்டில் ஆள் கூடும்போதெல்லாம் இதுதான் வேலை. வந்த கேள்விகளைப் போட்டு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். அளவுகளை முடிந்தவரை கிராமில் சொல்கிறேன், கப் கணக்கு வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒரு சின்ன எடை மெஷின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): அக்கா, போன வாரம் மாம்பழம் வைத்து பேஸ்ட்ரி செய்தேன். மேலே நல்ல பொன்னிறம், எடுத்துப் பார்த்தால் அடி நசநசவென்று மாவாகவே இருக்கிறது. இன்னும் பத்து நிமிஷம் வைத்திருந்தால் சரியாகியிருக்குமா?

ஆகியிருக்காது தங்கை, மேல் பக்கம் கருகியிருக்கும். கோளாறு ஓவனில் இல்லை, பழத்தில் இருக்கிற தண்ணீரில். மாம்பழத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், சர்க்கரை பட்டதும் அது வெளியே வரும், ஓவன் சூட்டில் இன்னும் வரும், எல்லாம் அடியில் போய்த் தேங்கும். அதனால் பழத்தை ஒருநாளும் பச்சையாக உள்ளே வைக்காதீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். கொழகொழவென்று பழுக்காத செந்தூரா அல்லது பங்கனப்பள்ளி 500 கிராம், சின்னத் துண்டுகளாக நறுக்கி 70 கிராம் சர்க்கரை போட்டுப் பிசறி அரை மணி நேரம் விடுங்கள். சாறு நிறைய இறங்கியிருக்கும். சாற்றை மட்டும் வடித்து அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவிட்டு, அப்புறம் துண்டுகளைப் போடுங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் சோள மாவை இரண்டு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். நன்றாகக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் அடுப்பிலேயே இருக்கட்டும், சோள மாவு முழுக் கொதியில்தான் கெட்டிப்படும். பாதியில் இறக்கினால் ஓவனில் மறுபடி நீர்த்துவிடும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கடைசியில் அரை மூடி எலுமிச்சைச் சாறு. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து, கையில் தொட்டால் சில்லென்று இருக்கும்போதுதான் மாவில் வையுங்கள். சூடாக வைத்தால் மாவில் இருக்கிற வெண்ணெய் அப்போதே உருகிவிடும், அதிலும் நம் கடற்கரைக் காற்றில் சொல்லவே வேண்டாம்.

மாவின் மேல் பழத்தை வைக்கும் முன் ஒரு ஸ்பூன் ரஸ்க் தூள் அல்லது முந்திரிப் பொடி தூவுங்கள், மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். ஓவன் சூடேறும்போதே வெறும் தட்டையும் உள்ளே வைத்துவிட்டு, பட்டர் பேப்பரோடு பேஸ்ட்ரியைத் தூக்கி அந்தச் சூடான தட்டில் வையுங்கள். முதல் பத்து நிமிஷம் கீழ்க் கம்பி மட்டும், அப்புறம் இரண்டும். மேலே கத்தியால் இரண்டு மூன்று கீறல் போட மறக்காதீர்கள், ஆவி போக வழி வேண்டும்.

கேள்வி (பண்ருட்டி): எங்கள் கொல்லையில் பலா காய்த்துக் கொட்டுகிறது. வர்றவங்களுக்கு எத்தனை நாள் சுளையாகவே கொடுப்பது? ரோலுக்குள் வைக்க முடியுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆப்பிளும் ப்ளூபெர்ரியும் தேடி அலைகிறோம், கையெடுத்துக் கும்பிடும்படி ஒரு பழம் பண்ருட்டியில் விளைகிறது. தாராளமாக வைக்கலாம். கெட்டியான சுளை என்றால் பொடியாக நறுக்குங்கள், குழைவான சுளை என்றால் மசித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிடித்தது இரண்டும் கலந்தது. சுளை 400 கிராமுக்கு வெல்லம் 120 கிராம். வெல்லத்தை முதலில் கரைத்து வடிகட்டி, அதில் சுளையைப் போட்டு, இரண்டு ஸ்பூன் நெய் விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். அரை மணி நேரம்கூட ஆகும், பொறுமை வேண்டும். இறக்கும்போது ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குப் பொடி, வறுத்த முந்திரி. பட்டை போடாதீர்கள், பலாவின் வாசனையோடு அது சண்டை போடும்.

வெல்லத்தைப் பொடித்து அப்படியே மாவில் தூவிச் சுருட்டவும் கூடாது. அது ஓவனில் இளகி ஒழுகித் தட்டில் கரியாகப் பிடிக்கும்.

கேள்வி (வில்லியனூர்): ரோலுக்கு அடிப்படை மாவு அளவு ஒன்று சொல்லுங்கள். எதைப் பார்த்துச் செய்தாலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 70, உப்பு 8, பால் 230 மில்லி, முட்டை ஒன்று, மெத்தென்ற வெண்ணெய் 75 கிராம். பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள், கை பொறுக்கும் வெதுவெதுப்புப் போதும். சுடச்சுட ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். வெண்ணெயை முதலிலேயே போடாமல் மாவு ஒன்றுசேர்ந்து ஐந்து நிமிஷம் பிசைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மொத்தம் 12, 15 நிமிஷம் கையால் அடித்துப் பிசையுங்கள். முதலில் பிசுபிசுவென்று ஒட்டும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மைதா போடுவதுதான் பலரும் செய்கிற தப்பு, அதனால்தான் ரோல் மறுநாள் கல்லாகிறது. ஒரு துண்டு மாவை விரலால் விரித்துப் பார்த்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சவ்வு மாதிரி வர வேண்டும்.

இரண்டு மடங்காகப் பொங்கியதும் செவ்வகமாகத் தேய்த்து, பழத்தைப் பரப்பி, ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டுச் சுருட்டி 12 துண்டு போடுங்கள். கத்தி நசுக்கும், தையல் நூலை அடியில் கொடுத்துக் குறுக்காக இழுத்தால் சுத்தமாக அறுபடும். தட்டில் அடுக்கி மறுபடி உப்பவிட்டு 180 டிகிரியில் 20 முதல் 22 நிமிஷம். வெளியே எடுத்தவுடன் மேலே வெண்ணெய் தடவி ஒரு துணி போட்டு மூடுங்கள்.

மறுநாளும் மெத்தென்று இருக்க ஒரு வழி: மேலே சொன்ன அளவிலிருந்தே மைதா 25 கிராமும் பால் 125 மில்லியும் எடுத்துக் கஞ்சி மாதிரி காய்ச்சி, ஆறவைத்து அதையும் சேர்த்துப் பிசையுங்கள். கஞ்சியானதும் மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரோல் சீக்கிரம் காயாது.

கேள்வி (நெய்வேலி): குறிப்பில் ஒன்றரை மணி நேரம் பொங்கவிடச் சொல்கிறார்கள். நானும் அப்படியே விட்டேன். மாவு புளித்த வாடை, ஓவனில் போட்டதும் உட்கார்ந்துவிட்டது.

அந்தக் குறிப்பைக் குளிர் தேசத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். நெய்வேலி வெயிலில் மே மாதம் 40, 45 நிமிஷத்தில் மாவு தயாராகிவிடும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். விரலில் மைதா தொட்டுக்கொண்டு அழுத்துங்கள். குழி சட்டென்று மூடினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மூடினால் சரி. மூடவே இல்லை, மாவு தளர்கிறது என்றால் தாண்டிவிட்டது. முதல் பொங்கலில் தாண்டியிருந்தால் பிசைந்து மறுபடி உருட்டிக் காப்பாற்றலாம், ரோல் போட்ட பிறகு தாண்டினால் உடனே ஓவனுக்குள் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி (முதலியார்பேட்டை): இங்கே பேக்கரிகளில் கிடைக்கிற மாதிரி அடுக்கடுக்கான ஆப்பிள் பேஸ்ட்ரி, ஷோசோன் ஓ பொம் என்பார்களே, அதை வீட்டில் செய்ய ஆசை. வெண்ணெய் உருகி வழிகிறது, ஒரு அடுக்கும் நிற்கவில்லை.

வெண்ணெய் 32 டிகிரி பக்கம் வந்தாலே உருக ஆரம்பிக்கும், நம் அடுப்படி மதியத்தில் அதைவிடச் சூடு. கடைகளில் பலர் சட்டென்று உருகாத மார்ஜரின் போடுவார்கள், குளிரூட்டிய அறையும் இருக்கும். வெண்ணெயில்தான் செய்வேன் என்றால் (நான் அப்படித்தான், அந்த ருசி மார்ஜரினில் வராது) விடியற்காலை நாலரைக்கு எழுந்திருங்கள், இல்லையென்றால் ஏசி போட்ட அறையில் மேசையை வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி இதற்கு ஏற்ற மாதங்கள். மாவும் வெண்ணெயும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும், வெண்ணெய் கல்லாக இருந்தால் உள்ளே உடைந்து போகும், இளகியிருந்தால் மாவோடு கலந்துவிடும். வெண்ணெயை உள்ளே வைத்து மூடித் தேய்த்த மாவை மூன்றாக மடிப்பது ஒரு மடிப்பு. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். மூன்று தடவை மடித்தால் வெண்ணெய் 27 அடுக்கு ஆகும், இந்தப் பேஸ்ட்ரிக்கு ஐந்து தடவை மடித்தால் இன்னும் நன்றாகப் பிரியும். கையில் வெண்ணெய் ஒட்டுகிறது என்று தெரிந்த நிமிஷமே நிறுத்தி உள்ளே வைத்துவிடுங்கள். வந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் முறை செய்பவர்கள் சாதாரண பொரபொர மாவில் தொடங்குவதே நல்லது. மைதா 250 கிராம், துண்டு போட்ட குளிர்ந்த வெண்ணெய் 125, பொடித்த சர்க்கரை 40, சிட்டிகை உப்பு, விரல் நுனியால் ரவை மாதிரி உதிர்த்து, மூன்று ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்து, பிசையாமல் உருட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேய்த்து வட்டம் போட்டு, பழம் வைத்து, வீட்டில் இருக்கிற சோமாஸ் அச்சில் வைத்து அழுத்துங்கள். ஓரம் அழகாக மூடிக்கொள்ளும். 190 டிகிரி, 25 நிமிஷம்.

கேள்வி (தவளக்குப்பம்): அன்னாசி வைத்து ரோல் செய்தால் மாவு கூழாகிறது, ஏன்?

பச்சை அன்னாசியில் புரதத்தை அரிக்கிற ஒரு நொதி உண்டு, பச்சையாகச் சாப்பிட்டால் நாக்கு எரிவதும் அதனால்தான். மாவின் பசைத்தன்மையே புரதம்தான். பழத்தைக் கொதிக்க வைத்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். பப்பாளிக்கும் இதே கதை.

கேள்வி (வடலூர்): தைப்பூசத்துக்கு ஊரெல்லாம் சொந்தம் எங்கள் வீட்டில்தான் கூடும். முட்டை வீட்டுக்குள்ளேயே வராது. ரோல் வருமா அக்கா?

நன்றாகவே வரும். முட்டைக்குப் பதில் 50 கிராம் கெட்டித் தயிர், தேவைப்பட்டால் இரண்டு ஸ்பூன் பால் கூட. மேலே பளபளப்புக்குப் பாலில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துத் தடவுங்கள், எடுத்தவுடன் வெண்ணெய். தை மாதத்தில் மாம்பழம் இருக்காது. நேந்திரன் வாழைப்பழம் நல்ல பழுப்பாக எடுத்து, நெய்யில் வதக்கி, தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய் போட்டு ஈரம் போகச் சுருட்டி வையுங்கள். பூவன் வேண்டாம், குழைந்துவிடும்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): ஓவன் இல்லை. குக்கரில் முடியுமா?

ரோல் முடியும். பழைய கனமான குக்கரில் ஒரு அங்குலம் மணலோ கல்லுப்போ பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு மூடி, மிதமான தீயில் பத்து நிமிஷம் சூடேற்றுங்கள். உள்ளே ஸ்டாண்ட் வைத்து அதன் மேல் ஆறு ரோல் அடுக்கிய டின். சிறு தீயில் 30, 35 நிமிஷம். மேலே நிறம் வராது, வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் கவிழ்த்து எடுங்கள். பேஸ்ட்ரிக்கு அந்தச் சூடு போதாது, அதைக் குக்கரில் முயல வேண்டாம்.

கேள்வி (பாகூர்): சனிக்கிழமை சாயங்காலம் தங்கைக்கு நிச்சயம், 30 பேர். ஒரே ஒரு சின்ன ஓவன். எப்படிச் சமாளிப்பது?

36 ரோல், அதாவது ஒன்றரைக் கிலோ மைதா, மூன்று தட்டு. எல்லாவற்றையும் அன்றைக்கே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், நிச்சயத்துக்குப் புடவை கட்டவாவது உங்களுக்கு நேரம் வேண்டாமா. வியாழக்கிழமை பழத்தைக் கிளறி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெள்ளி இரவு ஈஸ்டைக் கால் பங்கு குறைத்து மாவு பிசைந்து, அரை மணி நேரம் வெளியே விட்டு, மூன்று டப்பாவில் பிரித்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க மெதுவாகப் பொங்குவதால் ருசியும் கூடும், ஜில்லென்ற மாவைத் தேய்ப்பதும் சுலபம். சனி காலை பத்து மணிக்கு முதல் டப்பாவை வெளியே எடுங்கள், அரை மணி நேரம் கழித்து இரண்டாவது, இன்னொரு அரை மணி நேரம் கழித்து மூன்றாவது. தட்டில் அடுக்கிய ரோல் உப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும், ஒன்று வெந்து வெளியே வரும்போது அடுத்தது தயாராக நிற்கும். இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும்.

பரிமாறும் முன் மூடிய பாத்திரத்தில் 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் சூடாக்குங்கள். நடுவில் கரண்ட் போனால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். என் மகள் பிறந்தநாளுக்கு வெந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய், பதற்றத்தில் கதவைத் திறந்துவிட்டேன், 12 ரோலும் அமுங்கிப் போயின. மூடியே விட்டிருந்தால் உள்ளிருந்த சூட்டிலேயே பெரும்பாலும் வெந்திருக்கும்.

கேள்வி (லாஸ்பேட்டை): கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக்கிற்காக ரம்மில் ஊறவைத்த பழம் எப்போதும் மிஞ்சும். அதை ரோலில் போடலாமா?

போடலாம், ஆனால் மாவில் கலந்து பிசையாதீர்கள். ரம்மும் சர்க்கரையும் ஈஸ்டை மந்தமாக்கும். பட்டைப் பொடியும் அப்படித்தான், உள்ளே தூவலாம், மாவில் சேர்க்கக் கூடாது. பழத்தை வடிகட்டியில் போட்டு அரை மணி நேரம் விட்டு, கையால் ஒரு தடவை பிழிந்து, தேய்த்த மாவில் மெல்லியதாகக் கஸ்டர்டு தடவி அதன் மேல் தூவிச் சுருட்டுங்கள். கஸ்டர்டும் கெட்டியாக, ஆறினதாக இருக்கட்டும். வடிந்த ரம்மைக் கொட்டிவிடாதீர்கள், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் காய்ச்சி ரோல் சூடாக இருக்கும்போதே மேலே தடவுங்கள். காய்ச்சினாலும் ரம் முழுதாகப் போகாது, குழந்தைகள் தட்டுக்கு மட்டும் வெறும் சர்க்கரைப் பாகு.