பிள்ளைகளோடு ஜப்பானில்: வாசகர் கேள்விகள்

டோக்கியோவின் எதொகவா வார்டில், நிஷி-கசாய் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. இருவரும் பக்கத்துத் தெருவிலுள்ள ஜப்பானியப் பொதுப்பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் வீட்டில் வாழ்ந்து பார்த்ததும், வார்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பதில்கள்.

கணவருக்கு டோக்கியோவில் வேலை கிடைத்து ஜூன் மாதம் குடும்பத்தோடு வருகிறோம். மகளுக்கு ஜனவரியில்தான் ஆறு வயது முடிந்தது. இந்தியப் பள்ளியா, ஜப்பானியப் பள்ளியா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள் அக்கா.
*வாசகி, தாம்பரம்*

எத்தனை வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் பள்ளியைத் தேடுவது வீண் அலைச்சல். இரண்டு, மூன்று வருஷத்தில் ஊர் திரும்புவது உறுதி என்றால் இந்தியப் பள்ளிதான் சரி. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. திரும்பிப் போனதும் வகுப்பு தடைபடாது. அதற்கு மேல் இருப்பீர்கள் என்றால், தயங்காமல் ஜப்பானியப் பள்ளியில், அதுவும் முதல் வகுப்பிலேயே சேருங்கள்.

"முதலில் இந்தியப் பள்ளி, பிறகு மாற்றிக்கொள்வோம்" என்று பலர் நினைக்கிறார்கள். அதில்தான் பிள்ளை சிரமப்படும். கஞ்சி (kanji) எனப்படும் சீன வழி வந்த எழுத்துகள் முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200. நான்காம் வகுப்பில் புதிதாய்ச் சேருகிற பிள்ளை 440 எழுத்துகள் பின்தங்கி நிற்கும். ஆறு வருஷத்தில் மொத்தம் 1,026. உங்கள் மகளின் வயதுக்கு அவள் முதல் வகுப்பில்தான் சேருவாள். ஏப்ரலில் தொடங்கிய வகுப்பு ஜூனில் இன்னும் எளிய பாடத்தில்தான் இருக்கும். கிளம்புவதற்குள் ஹிரகானா என்கிற ஒலி எழுத்து வரிசையின் 46 அடிப்படை எழுத்துகளை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். அ, இ, உ, எ, ஒ என்று நம் காதுக்குப் பழகிய வரிசையிலேயே போவதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அன்றைக்கே பள்ளிச் சேர்க்கை எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். கட்டாயக் கல்வி இங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. நாமாகப் போய் விண்ணப்பித்தால் சேர்த்துக்கொள்வார்கள். கல்விக் கட்டணமும் பாடநூலும் இலவசம். நாம் கேட்காவிட்டால், பிள்ளை வீட்டிலேயே இருந்தாலும் அது அவர்கள் கண்ணில் படாமல் போகக்கூடும். ஜப்பானிய மொழி சொல்லித்தரத் தனி ஆசிரியர் உதவி உண்டா என்பதையும் சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள். பல வார்டுகளில் உண்டு.

அதே அலுவலகத்தில் குழந்தை உதவித்தொகைக்கும் எழுதிக் கொடுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மாதம் 10,000 யென். 2024 அக்டோபரிலிருந்து இதற்கு வருமான வரம்பு கிடையாது. குடிவந்த 15 நாளுக்குள் விண்ணப்பிக்கத் தவறினால் அந்த இடைவெளி மாதத்துப் பணம் பிறகு கிடைக்காது. உடல்நலக் காப்பீடு வந்த கையோடு பிள்ளைகளுக்கான மருத்துவ அட்டையையும் வாங்கிவிடுங்கள். 23 வார்டுகளிலும் மேல்நிலைப் பள்ளி வயதுவரை மருத்துவச் செலவை வார்டு ஏற்கிறது.

ராந்தொசெரு என்கிற அந்தத் தோல்பை 50,000, 60,000 யென் என்று விற்கிறது. எல்லாப் பிள்ளைகளும் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்ததும் உடனே வாங்கத் தோன்றும். சட்டப்படி கட்டாயமில்லை, பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பை நல்ல நிலையில் கைமாறுவதும் உண்டு. பள்ளிக்குள் போட்டுக்கொள்ளும் காலணி, உடற்பயிற்சி உடை, கணக்குப் பெட்டி ஆகியவை அவசியம். கணக்குப் பெட்டியிலுள்ள ஒவ்வொரு குச்சியிலும், ஒவ்வொரு சில்லிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். பெயர் ஒட்டிகளைச் சின்ன அளவில் அச்சடித்தே விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு மாலை மிச்சமாகும்.

என் பேத்தி ஆறு வயதில் தனியாக நடந்து பள்ளிக்கூடம் போகிறாளாம். மகனும் மருமகளும் "இங்கே அப்படித்தான் அம்மா" என்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.
*ஒரு பாட்டி, மதுரை*

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் அவள் முழுக்கத் தனியாகப் போகவில்லை. எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதைப் பள்ளியே குறித்துக் கொடுத்திருக்கும். அந்த வழியை மாற்றக் கூடாது. முதல் வகுப்புப் பிள்ளை என்று தூரத்திலேயே தெரியும்படி பல பள்ளிகளில் மஞ்சள் தொப்பி போடுகிறார்கள். முக்கியமான சாலைக் கடப்புகளில் காலையில் கொடி பிடித்துக்கொண்டு பெரியவர்கள் நிற்பார்கள். சில நாள் நானும் நிற்கிறேன். பையில் ஒரு சின்னக் கருவி தொங்கும், கயிற்றை இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். பயந்தால் ஓடி நுழையக்கூடிய வீடு, கடைகளின் வாசலில் அதற்கென அடையாள ஒட்டி இருக்கும். மாலையில் தெரு ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். மகனிடம் சொல்லி, பேத்தி போகும் வழியை ஒருநாள் வீடியோ அழைப்பில் நடந்துகொண்டே காட்டச் சொல்லுங்கள்.

நாங்கள் சைவம். பள்ளிச் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் மீன் இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?
*வாசகி, சைதாமா*

உண்மைதான். தட்டில் மீன் துண்டு தெரியாத நாளிலும் மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும் காய்ந்த மீனில் இறக்கிய சாறு சேர்ந்திருக்கும். இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். "இறைச்சி மட்டும் வேண்டாம்" என்று சொன்னால் ஆசிரியர் மீனையும் சூப்பையும் பரிமாறத்தான் செய்வார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்று எழுதியே கொடுங்கள்: மாடு, பன்றி, கோழி, மீன், மீன் சாறு, முட்டை உண்டா இல்லையா, ஜெலட்டின்.

மாதச் சாப்பாட்டுப் பட்டியல் முன்கூட்டியே வீட்டுக்கு வரும், என்னென்ன பொருள் சேர்கிறது என்ற விவரத்தோடு. வகுப்பாசிரியரோடு பள்ளியின் சத்துணவு வல்லுநரையும் சந்திக்க நேரம் கேளுங்கள். ஒவ்வாமைக்கு மாற்றுச் சாப்பாடு தருகிற பள்ளிகூட நம்பிக்கை காரணமாகக் கேட்டால் சமைத்துத் தராமல் போகலாம். அங்கே வழக்கமான தீர்வு வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோவது. முழுச் சாப்பாட்டையும் கொண்டுபோகலாம், அல்லது சோறு, பால், பழத்தைப் பள்ளியில் எடுத்துக்கொண்டு தொட்டுக்கொள்ள மட்டும் வீட்டிலிருந்து அனுப்பலாம். என் மகளுக்கு இரண்டாவது வழிதான். பட்டியலில் கறி-ரைஸ் இருக்கும் நாளில் உருளைக்கிழங்கு, கேரட் போட்ட கெட்டிக் குழம்பு, பொரித்தது இருக்கும் நாளில் காய்கறி கட்லெட். பக்கத்துப் பிள்ளையின் தட்டும் தன் தட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் அவளுக்குச் சங்கடமில்லை. அந்த வயதில் அது பெரிய விஷயம்.

டப்பா கொண்டுபோனாலும், பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறும் வேலையிலிருந்து உங்கள் பிள்ளையை விலக்கிவிடாதீர்கள். வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு வகுப்புக்கே சோறு பரிமாறுவதில் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெருமை. முறை வந்த வாரக் கடைசியில் உடுப்பு வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும்.

ஐந்து மாதம் ஆகிறது. பிரசவத்துக்கு அம்மாவை அழைக்க ஆசை. எவ்வளவு நாள் இருக்க முடியும்? எப்போது வரச் சொல்லலாம்?
*வாசகி, யோகோஹாமா*

வாழ்த்துகள் அம்மா. அம்மாவுக்குப் பார்வையாளர் விசாவில் அதிகபட்சம் 90 நாள்தான். உங்கள் கணவரோ நீங்களோ உயர்திறன் வல்லுநர் விசாவில் இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 80 லட்சம் யென்னுக்குக் குறையாமல் இருந்தால், கர்ப்ப கால உதவிக்கோ ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ பெற்றோரை நீண்ட நாள் தங்க அழைக்க வழி இருக்கிறது. ஒரு பக்கத்துப் பெற்றோரை மட்டும்தான் அப்படி அழைக்க முடியும்.

90 நாள்தான் என்றால், குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்னால் வந்து இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். சீக்கிரமே வரவழைத்தால் காத்திருப்பதிலேயே நாள் கரையும். மருத்துவமனையில் ஐந்தாறு நாள் நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தாய் வேண்டும்: வெந்நீர் ஊற்றிவிட, ரசம் வைத்துத்தர, ராத்திரி குழந்தையை வாங்கிக்கொள்ள. அம்மா ஊர் திரும்பிய பிறகு கைகொடுக்க, பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பு உதவியைப் பற்றி இப்போதே வார்டு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி பொடித்துக் கொண்டுவரட்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் வேண்டாம், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விட மாட்டார்கள்.

தாய்-சேய் கையேடு வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் நாளைக்கே வார்டு அலுவலகம் போங்கள். பரிசோதனைக் கட்டணச் சலுகைச் சீட்டுகள் அதோடுதான் வரும். சுகப்பிரசவத்துக்குக் காப்பீடு பொருந்தாது. பதிலாக 2023 ஏப்ரலிலிருந்து 5 லட்சம் யென் உதவி கிடைக்கிறது, அது நேராக மருத்துவமனைக்கே போய்விடும்படி செய்யலாம். பெருநகரங்களில் செலவு அதற்கு மேலும் போவதால் இப்போதே மதிப்பீடு கேளுங்கள்.

குழந்தை பிறந்ததும் அலைய வேண்டியவர் அப்பா. 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பிறப்புப் பதிவு. 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் உரிமைக்கு விண்ணப்பம். இங்கே பிறந்ததால் மட்டும் ஜப்பான் குடியுரிமை வராது, இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருஷத்துக்குள் நம் தூதரகத்தில் பதிய வேண்டும். இந்தத் தேதிகளை அவர் கைபேசியில் இன்றே ஏற்றச் சொல்லுங்கள்.

ஐந்து வயது மகன், தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்கிறான். கண்டிப்பது சரியா?
*ஒரு தகப்பனார், கவாசாகி*

கண்டிக்காதீர்கள் சார். புரியாத மாதிரி நடிக்கவும் வேண்டாம், பிள்ளைக்கு அது நடிப்பு என்று தெரியும். காலை முதல் மாலை வரை ஹொய்குஎன் என்கிற குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறான், வீட்டில் விழித்திருப்பது சில மணி நேரம். அந்த நேரத்தில் நீங்களும் மனைவியும் ஒருவருக்கொருவர் தமிழிலேயே பேசுகிறீர்களா? அதைத்தான் முதலில் பார்ப்பேன். அவன் சொன்னதையே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், அவன் பதில் எந்த மொழியில் வந்தாலும்.

தமிழ் தெரிந்தால்தான் நடக்கும் என்கிற வேலை ஒன்று பிள்ளைக்கு இருக்க வேண்டும். தென்காசியில் இருக்கும் என் மாமியார் ஞாயிறுதோறும் மகனுக்கு ஒரு விடுகதை போடுவார். "பல் துலக்காதவனுக்கு உடம்பெல்லாம் பற்கள், அவன் யார்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார். சீப்பு என்று கண்டுபிடிக்க அவன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடுத்த ஞாயிறு விடையைத் தமிழில் சொன்னால்தான் புது விடுகதை. சனிக்கிழமை மளிகைச் சீட்டையும் அவன்தான் எழுதுகிறான். துவரம்பருப்பில் எந்த "ப்" எங்கே என்று இன்னும் தடுமாறுகிறான், பரவாயில்லை. உங்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைப் பள்ளிக்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். முதல் வகுப்பில் கஞ்சி வீட்டுப்பாடம் வந்த பிறகு நேரம் கிடைப்பது கஷ்டம்.

நிலநடுக்கம் வந்தால் பள்ளியில் பிள்ளையை என்ன செய்வார்கள்? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம்.
*வாசகி, கசாய்*

பெரிய நடுக்கம் என்றால் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். பள்ளியில் நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர்களில் ஒருவர் நேரில் வந்தால்தான் ஒப்படைப்பார்கள். இதற்கென்றே பெற்றோரை வரவழைத்து ஒத்திகை நடத்துகிறார்கள், லீவு போட்டாவது போங்கள். அந்தத் தாளில் உங்கள் இருவர் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ரயில் நின்றுவிட்டால் நகரின் மையத்திலிருந்து அரகவா ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து வர வேண்டும், பல மணி நேரம் ஆகும். பள்ளிக்கு நடந்து வரக்கூடிய ஒருவர் பெயர் அவசியம் வேண்டும். எங்கள் தாளில் கீழ்வீட்டு ஜப்பானியப் பெண்மணி பெயர் இருக்கிறது, அவர் தாளில் என் பெயர். பேரிடர் நேரத்தில் வீட்டாருக்கு 171 என்ற எண்ணில் குரல் செய்தி பதியும் வசதியை ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு உங்கள் தொலைபேசி எண் வேண்டும், அதைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள்.