போர் நடக்கும் நாட்டுக்கு மருந்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காஸா மக்களுக்கு நம் அரசு மருந்து அனுப்பியதே, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் அதுபோல அனுப்ப வழி உண்டா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: வேண்டாம் அம்மா. மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் வெட்டிய மறுபாதியில் போய்விடும். டோலோ, கால்பால் என்றால் நமக்குப் புரியும். அங்கிருக்கும் நர்ஸுக்கு ‘பாராசிட்டமால்’ என்ற மூலப்பெயர் வேண்டும். நன்கொடை மருந்து போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும், நோயாளியிடமிருந்து திரும்பி வந்ததும் டாக்டர் சாம்பிளும் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. வந்ததையெல்லாம் வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை போர் நடந்த போஸ்னியாவில் பார்த்தார்கள். 1992 முதல் 1996 நடுப்பகுதி வரை வந்த சுமார் 35,000 டன் மருத்துவ நன்கொடையில் கிட்டத்தட்ட பாதி உதவாதவை. போர்க்காலத்தில் கிடங்கும் லாரியும் குப்பைக்குச் செலவானால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி: அப்படியானால் அரசுகள் எதைத்தான் அனுப்புகின்றன? (வாசகர், அயனாவரம்)

பதில்: பொது சிகிச்சைக்கு அளவு வகுத்த பெட்டி உண்டு: 10,000 பேருக்கு 3 மாதம். அதில் ஆயிரம் பேருக்கு ஒன்றாகப் பத்து அடிப்படைப் பகுதிகள். டாக்டர் இல்லாத இடத்திலும் பயன்படட்டும் என்று அவற்றில் ஊசிமருந்தே வைப்பதில்லை. ஊசி, சலைன் எல்லாம் தனிப் பகுதியில். குண்டுக்காயத்துக்கான அறுவைப் பெட்டி வேறு. 2024 ஆகஸ்டில் இந்தியா உக்ரைனுக்குக் கொடுத்த நான்கு ‘பீஷ்ம்’ பெட்டிகள் இரண்டாவது ரகம்: ஒவ்வொன்றும் சுமார் 200 அவசர நோயாளிகளுக்கு; நாளைக்கு 10 முதல் 15 சிறு அறுவைகள்.

கெடுவது பெரும்பாலும் வழியில்தான். இன்சுலின், பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடாசின், டெட்டனஸ் தடுப்பூசி மூன்றும் 2–8 டிகிரியில் இருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே அடுக்குவார்கள். ஒட்டியிருக்கும் இன்சுலினும் தடுப்பூசியும் உறைந்து வீணாகும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்திருந்துதான் அடுக்க வேண்டும். சலைன் இன்னொரு தலைவலி. லிட்டருக்கு ஒரு கிலோ. ஒரு லிட்டர் பாட்டில் ஆயிரம் என்றால் விமானத்தில் ஒரு டன் போயிற்று.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் அனுப்ப குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் அலுவலகத்தின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். வழக்கமாக வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் சேர வேண்டும். போரில் அதைத் தரும் அலுவலகமே இயங்காமல் போகலாம் என்பதால் அவசரத்துக்குச் சுருக்க நடைமுறை இருக்கிறது. மயக்க மருந்தான கெட்டமைனுக்கு அந்தச் சர்வதேசக் கட்டுப்பாடு இல்லை. மூச்சையும் அவ்வளவாக அடக்காது. வென்டிலேட்டர் இல்லாத கூடாரத்தில் டாக்டர்கள் அதைத் தேடுவது அதனால்தான்.

கேள்வி: இலங்கைக்குத் தமிழ்நாடு அரசே நேரடியாக அனுப்ப முடியாதா? (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: வெளியுறவு ஒன்றிய அரசின் கையில். 2022-இல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டு, டெல்லி சம்மதித்த பிறகே மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கிளம்பின. அது பொருளாதார நெருக்கடி. போர் என்றால் கதை வேறு. 1987 ஜூனில் இந்தியாவின் நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பொருள்களைப் போட்டன. 2009 மார்ச்சில் கொழும்பின் சம்மதத்தோடு புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஆஸ்பத்திரி நடத்தியது. வன்னியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் வந்த காயம்பட்டவர்கள் அங்கே இறங்கினார்கள்.

கேள்வி: வழியில் மறித்தால் சட்டம் என்ன சொல்கிறது? (வாசகி, ஆவடி)

பதில்: நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 23-ஆம் பிரிவு. பொதுமக்களுக்கான மருந்தை எதிரி நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் விட வேண்டும். உணவு, துணிக்கு அதே பிரிவு தரும் வழி 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் மட்டும். ஆனால் சரக்கு வேறு கைக்குப் போகும் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மறுக்கலாம், சோதனையும் போடலாம். 2023 அக்டோபரில் இந்தியா காஸாவுக்கு அனுப்பிய 6.5 டன் மருத்துவப் பொருளும் விமானத்தில் எகிப்தின் எல் அரிஷ் வரைதான்; மீதி தரைவழி. 2024 மார்ச்சில், குழந்தைகளின் மருத்துவப் பெட்டிகளில் கத்தரிக்கோல் இருந்ததால் ஒரு லாரி முழுவதையும் இஸ்ரேல் திருப்பிவிட்டது என்று பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் தலைவர் சொன்னார். இஸ்ரேல் தரப்பு மறுத்தது. எதுவானாலும் பெட்டிக்குப் பெட்டி பட்டியல் எழுதுகிறவர், கத்தரிக்கோலையும் எண்ணி எழுதியாக வேண்டும்.