சர்க்கரை இறங்கியது பொடியாலா, சிறுநீரகத்தாலா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61, 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீரில் புரதம் கழிவதாகச் சொல்லி, கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மாத்திரைகளோடு டெல்மிசார்டனும் கொடுத்திருக்கிறார்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.9. இரண்டு மாதங்களாக, சந்தையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியும் மூக்கிரட்டைக் கஷாயமும் சாப்பிடுகிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 160இலிருந்து 95 ஆகிவிட்டதால் மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்கிறார். நிறுத்தலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: அவராக எதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் இந்த 95 மகிழ்ச்சியடைய வேண்டிய எண்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உடலிலுள்ள இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது நலியும்போது இன்சுலினும் கிளிமிபிரைடின் விளைவும் உடலில் நெடுநேரம் தங்குவதால், சிறுநீரக நோய் முற்றுவதே சர்க்கரை குறைவதுபோலத் தோற்றம் தரும். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது என்பதால், மூன்றும் சேர்ந்தால் நள்ளிரவில் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். ஆகவே கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் வயதுக்கு 1.9 என்றால் சிறுநீரக வடிதிறன் (eGFR) நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 மி.லி.; அந்நிலையில் மெட்ஃபார்மின் அளவையும் குறைப்பது வழக்கம், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது மூக்கிரட்டை. 'சிறுநீரகத்துக்கு நல்லது' என்று பெயர் வாங்கிய இந்த மூலிகையில் பொட்டாசியம் மிகுதி. டெல்மிசார்டனோ பொட்டாசியத்தை உடலில் தேக்கும். அறிகுறி எதுவும் காட்டாமலே ஏறி, இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது பொட்டாசியம். இதற்காக டெல்மிசார்டனைக் கைவிடுவது தலைகீழான முடிவு: இரத்த அழுத்த மாத்திரை என்று பலர் எண்ணும் அது, சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தணித்துப் புரதம் கழிவதைக் குறைக்கிறது. நிறுத்த வேண்டியது கஷாயத்தைத்தான். இந்த வாரமே பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. சந்தையில் பொட்டலம் கட்டித் தரும் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். நம் வயல் வரப்புகளில் வளரும் ஆடுதீண்டாப்பாளை அதில் கலந்திருந்தால்? அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், புற்றுநோயும் உண்டாக்கும். (ஆடு தீண்டாததை நாம் தீண்டுகிறோம்!) மூலிகை வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில், இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று மறைக்காமல் அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அதற்குள் அவருக்கு வியர்வை, நடுக்கம், உளறல் ஏதேனும் வந்தால், நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்குச் சில மணி நேரத்தில் மீண்டும் சர்க்கரை இறங்கக்கூடும்.