ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 250 ரூபாய் மீட்டர் வேண்டாம்

கேள்வி: பாலக்கோட்டில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மிக்சி, எல்இடி டிவி வரும். இப்போது தோட்டத்துப் போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டரும் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். கையில் இருப்பது 250 ரூபாய் மல்டிமீட்டர். 4,000 ரூபாய் போட்டு நல்லது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: மிக்சியோடு நின்றிருந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள் என்றிருப்பேன். ஸ்டார்ட்டர் என்று படித்ததும் மனம் மாறிவிட்டது. அங்கே இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட். உங்கள் மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் ‘அன்ஃபியூஸ்டு’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அந்த வழியில் ஃபியூஸே கிடையாது. ஆம்பியர் அளந்துவிட்டுச் சிவப்பு வயரை மாற்ற மறந்து ஃபேஸில் வைத்தால் நேர் ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

வாங்கும் மீட்டரில் ‘கேட் 3, 600 வோல்ட்’ என்ற பாதுகாப்புத் தரக் குறி வேண்டும். ஆனால் அந்த எழுத்தை மலிவுச் சரக்கிலும் அச்சடித்து விடுகிறார்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் தடிமனாக உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னக் கண்ணாடி ஃபியூஸ் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மோட்டார் இழுக்கும் ஆம்பியருக்கு, வயரை வெட்டாமல் வெளியே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான். 5 எச்பி மோட்டார் கிளம்பும்போதே 10 ஆம்பியரைத் தாண்டிவிடும்.

டிவி போர்டில் ஆபத்து வேறு வகை: தப்பான அளவு. ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டு தொடராக இருக்கின்றன, மேலே 12 வோல்ட் என்றால் நடுவில் 6 இருக்க வேண்டும். உள்தடை (மீட்டருக்கே உள்ள தடை) ஒரு மெகாஓம் மட்டும் உள்ள மலிவு மீட்டர், தானும் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுப்பதால், 4 என்று காட்டும். 10 மெகாஓம் மீட்டர் 5.7 காட்டும். போர்டில் கோளாறே இல்லாமல் நாள் முழுக்கத் தேடவேண்டியதுதான்.

பேட்டரியையும் மறக்காதீர்கள். ஒருமுறை 5 வோல்ட் லைனில் எனக்கு 5.8 காட்டியது. ரெகுலேட்டரை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் மீட்டரின் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருப்பது தெரிந்தது. இந்த வகை மீட்டர்கள் பேட்டரி இறங்கினால் அளவைக் கூட்டிக் காட்டும். வெட்கமாக இருந்தது.

பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரி, அடாப்டர், வயர் தொடர்ச்சி பார்க்க அது போதும். கெப்பாசிட்டர் பார்க்கும் சிறு டெஸ்டரையும் மலிவிலேயே வாங்கலாம். ஆனால் டிவி பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ தங்கியிருக்கலாம். பல்பு வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகே டெஸ்டரில் சொருகுங்கள். இல்லையென்றால் டெஸ்டர் அன்றோடு போயிற்று.