மிளகாய் இல்லாத ஊரில் காதல்: சரித்திர நாவல் கேள்வி பதில்

வாசகர் வட்டத்தில் இந்த ஞாயிறு என் முறை. 22 வருஷமாகச் சரித்திரக் காதல் நாவல் எழுதுகிறேன், இருப்பது சிம்மக்கல். சாயங்காலம் 5 மணியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். தெரிந்ததற்கு நீளமாகச் சொல்வேன், மற்றதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பாண்டியர் காலத்துக் கதையில் மிளகாய் போடாதீர்கள். போர்த்துகீசியர் கப்பலில் வந்தது அது. அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகுதான். மிளகைப் போலக் காரமான காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயரே வைத்தார்கள்.

திருநகர் வாசகி: அக்கா, உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 4 மணிக்கு எழுந்து ஆறரை வரை எழுதுவேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். போன வாரம் கதாநாயகன் முதல் தடவையாக அவள் கையைப் பிடிக்கப் போகிறான், மோட்டார் சத்தம் கேட்டுவிட்டது. பன்னிரண்டு குடம் பிடித்து, தொட்டியை நிரப்பிவிட்டு வந்து பார்த்தால், பாவம், அவன் நீட்டிய கை அப்படியே இருந்தது. ஆறரைக்கு மேல் நான் நாவலாசிரியை இல்லை, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மருமகள்.

உசிலம்பட்டி தம்பி: சோழர் காலத்தை எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எந்தக் காலத்தை எடுப்பது?

வா தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நீ தினமும் பஸ் ஏறுகிற ஊரிலேயே ஒரு காலம் சீண்டுவாரில்லாமல் கிடக்கிறது. 1840-களில் மதுரைக்குக் கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர் நெருக்குகிறது என்று அதை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். இடித்து மட்டமாக்குகிறவர்களுக்கே அந்த இடம் என்று அறிவிப்பு. அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட் பெயரும் பெருமாள் மேஸ்திரி பெயரும் இன்றைக்கும் வீதிப் பெயராக நிற்கின்றன. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறோமே, அந்தத் தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது.

இப்போது ஒரு பெண்ணை நினைத்துப் பார். பிறந்ததிலிருந்து கோட்டைச் சுவரின் நிழலில் வளர்ந்தவள். மத்தியானம் மூன்று மணிக்கே அவள் வாசலில் வெயில் போய்விடும். அவள் அப்பா கடப்பாரையோடு சுவரில் ஒரு துண்டை இடிக்க எடுத்துக்கொள்கிறார். மூன்று மாதம் புழுதி. ஒரு நாள் காலை கோலம் போட நிமிர்கிறாள், சுவர் இல்லை. அகழி இருந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறான். முதல் அத்தியாயம் முடிந்தது. இதற்கு ராஜாவும் வேண்டாம், வாள் சண்டையும் வேண்டாம். அந்தக் காலத்தில் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று காதலர்களைச் சேர்க்க வேண்டும், பிரிக்க வேண்டும். அது இல்லையென்றால் நீ எழுதுவது பட்டு வேட்டி கட்டிய 2024.

சொக்கிகுளம் வாசகி: மேடம், என் பாண்டியர் காலக் கதையில் "ஐந்து நிமிடம் காத்திருந்தாள்" என்று எழுதினால் தப்பா?

தப்பு. ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் "வெற்றிலை மென்று முடிக்கிற நேரம்" என்று எழுதுங்கள், யாருக்கும் கணக்கு தேவைப்படாது.

மேலூர் கல்லூரி மாணவி: அந்தக் காலத்தில் காதலர்கள் எங்கேதான் சந்திப்பார்கள்? எல்லா நாவலிலும் நந்தவனம்தான்.

நந்தவனம் அலுத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். நானே நாலு தடவை பூப்பறிக்க அனுப்பியிருக்கிறேன். ஆனால் நம் அக இலக்கியத்தில் இதற்கு முழு வரைபடமே இருக்கிறதே! தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறவள், பகலில் சந்திக்கிற பகற்குறி, ராத்திரியில் சந்திக்கிற இரவுக்குறி, இடையில் தூது போகிற தோழி, ஊர் வாயில் விழுகிற அலர், கடைசியில் வீட்டுக்குத் தெரியாமல் உடன்போக்கு. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்று இலக்கணமே உண்டு. ஏன் என்று நீயே யோசி, ஊர் அப்படி.

நகரம் வேண்டுமென்றால் மதுரைக்காஞ்சி என்கிற சங்கப் பாட்டு. பகல் கடைக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைக்கு அல்லங்காடி என்று இரண்டு சந்தை. ராத்திரியைச் சாமம் சாமமாகப் பிரித்து, எந்தச் சாமத்தில் யார் நடமாடுகிறார்கள், திருடன் எப்போது வருகிறான், காவலர் எப்படிச் சுற்றுகிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. உன் கதாநாயகி எந்தச் சாமத்தில் வாசல் தாண்டலாம், யாரிடம் மாட்டுவாள், எல்லாம் அதில் இருக்கிறது. "தனிமையில் சந்தித்தனர்" என்று மட்டும் எழுதாதே. கூட்டுக்குடும்ப வீட்டில் தனிமை என்பது அம்மிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நாலு எட்டு.

ஆரப்பாளையம் வாசகர்: என் கதாநாயகன் குதிரையில் வருகிறான். குதிரையைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அது கப்பலில் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பாண்டியர்களுக்குக் குதிரை அரபு, பாரசீகப் பக்கத்திலிருந்து காயல் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்குச் சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போடுகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டு வருஷா வருஷம் வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் ஆள் குதிரையைத் தட்டிவிட்டுப் பறக்க மாட்டான். அது இன்றைக்குத் தீனி எடுத்ததா என்று கவலைப்படுவான். அந்தக் கவலையை அவள் பார்க்கட்டும். மீசையைவிட அதில்தான் விழுவாள்.

பழங்காநத்தம் வாசகி: காதல் கடிதம் எழுதலாமா?

ஓலை, எழுத்தாணி. யாருக்கு எழுதத் தெரியும், யாருக்குப் படிக்கத் தெரியும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் இன்னொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். யார் அந்த இன்னொருவர்? உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

கோச்சடை வாசகர்: இதில் பணம் வருமா? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மை கேட்டதால் சொல்கிறேன். என் மூன்றாவது நாவலை ஒரு பதிப்பாளர் போட்டார். பத்து சதவீதம் ராயல்டி என்று வாய்ப்பேச்சு. இரண்டு வருஷமாகப் போன் போட்டால் "சரியாகப் போகலைம்மா, கட்டுக் கட்டாகக் கிடக்கு" என்பார். எனக்கே அவர்மேல் பரிதாபம். அப்புறம் தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி. கடையில் என் புத்தகத்தைச் சும்மா எடுத்துப் புரட்டினேன். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் "மூன்றாம் பதிப்பு". பக்கத்தில் நின்ற பெண், "நல்லா இருக்கும் மேடம், வாங்குங்க" என்றாள். முழு விலை கொடுத்து வாங்கிவந்தேன், பில்லோடு. அந்த பில்லைக் காட்டிய பிறகுதான் காசு வந்தது.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் 2016-லிருந்து தமிழை ஏற்கிறது. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், அதில் இருக்கிற வரை அதே மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. சேராவிட்டால் 35. எதுவானாலும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை.

விளாங்குடி வாசகி: என் கதையைப் புத்தகமாகப் போட யாரைப் பார்ப்பது?

மேலே பாருங்கள்.

அனுப்பானடி வாசகர்: நாவலைப் புத்தகமாக்குவது எப்படி மேடம்?

மேலே. எழுதி முடித்துவிட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

தேனூர் வாசகர்: அம்மா, வணக்கம். உங்கள் முதல் நாவலின் 12-ஆம் அத்தியாயம். 13-ஆம் நூற்றாண்டு. கதாநாயகி மதுரையில் மீனாட்சி கல்யாணம் பார்க்கிறாள், இரண்டாம் நாள் அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்கிறாள், அந்தக் கூட்டத்தில் அவனைச் சந்திக்கிறாள். மிளகாய்க்கு இவ்வளவு சொல்கிறீர்களே, இது மட்டும் சரியா?

நாவல்தானே ஐயா, சித்திரைத் திருவிழா இல்லாமல் மதுரைக் காதலா?

தேனூர் வாசகர்: இரண்டும் ஒரே விழாவானது திருமலை நாயக்கர் காலத்தில் அம்மா, 1623-க்கு அப்புறம். அதற்கு முன் கல்யாணம் மாசியில். அழகர் சித்திரையில் வந்து இறங்கியது எங்கள் தேனூர் ஆற்றில்.

அலங்காநல்லூர் வாசகர்: அவர் சொல்வது சரி. அழகர் எங்கள் ஊரில் அலங்காரம் செய்துகொண்டுதான் தேனூர் போவார். ஊர்ப் பெயரே அலங்காரத்தால் வந்ததுதான்.

வண்டியூர் வாசகி: நாங்கள் பார்த்தது எல்லாம் வண்டியூருக்கு வருகிற அழகரைத்தான். பழைய கதையை எதற்குக் கிளப்புகிறீர்கள்?

தேனூர் வாசகர்: வண்டியூர்க்காரர்களுக்குக் கிடைத்தது எங்களிடமிருந்து போனது. அங்கே ஆற்றில் நிற்கிற மண்டபத்துக்கு இன்னும் தேனூர் மண்டபம் என்றுதானே பெயர்?

இதற்குப் பிறகு இருபது நிமிடத்துக்கு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அழகருக்கு எந்த ஊர் எவ்வளவு தூரம், யார் தாத்தா துருத்தியில் தண்ணீர் பீய்ச்சினார், எல்லாம் வந்தது. வண்டியூர் அக்கா வீட்டு எண்பது வயது அம்மாவும் போனை வாங்கி இரண்டு குரல் பதிவு அனுப்பினார்.

நான் அந்த நேரத்தில் எழுந்துபோய் பால்கனியில் நின்றேன். தேனூர்க்காரர் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றுமில்லை. சித்திரைத் தேர் எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதியில். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி என்று தனியாக நாலு வீதி இருக்கும்போது, தேர் மட்டும் ஏன் மாசி வீதிக்குப் போகிறது? அம்பது வருஷமாகத் தேர் பார்க்கிறேன், வடம்கூடத் தொட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. ஊருக்கு மிளகாய் பற்றி உபதேசம்.

சரி. தப்பு என்னுடையதுதான். வண்டியூர் அக்கா, உங்கள் அழகரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கதையை மட்டும்தான் திருத்தப் போகிறேன்.

திருமங்கலம் வாசகி: அதைத் திருத்தினால் காதலே போய்விடுமே அக்கா? அந்தக் கூட்டத்தில்தானே அவர்கள் சந்திக்கிறார்கள்?

அதைத்தான் பால்கனியில் யோசித்தேன். போகாது, இன்னும் நன்றாகும். அவள் மதுரைக் கோயில் பக்கத்துப் பெண், அவளுடைய விழா மாசியில். அவன் அழகர்மலைப் பக்கத்துக்காரன், அவன் விழா சித்திரையில், தேனூரில். மாசியில் அவன் வர வேலையில்லை, சித்திரையில் அவள் தேனூர் போக வீட்டில் விட மாட்டார்கள். இரண்டு மாதம் தள்ளி, இரண்டு சாமி, இரண்டு கூட்டம். நான் எளிதாகச் சந்திக்க வைத்துவிட்டேன். 40 பக்கத்துக் காதலை ஒரு கூட்ட நெரிசலில் விரயம் செய்திருக்கிறேன்.

காளவாசல் வாசகர்: முத்தக் காட்சி எவ்வளவு தூரம் எழுதலாம்?

உங்கள் மாமியார் எவ்வளவு தூரம் படிப்பாரோ அவ்வளவு. என் மாமியார் ஒரு பக்கம் விடுவதில்லை, "இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்" என்பார்.

அவனியாபுரம் தம்பி: கீழடியை வைத்துக் காதல் கதை எழுதலாமா?

எழுது. ஆனால் அரண்மனை வைக்காதே. பானை ஓட்டில் "குவிரன் ஆதன்" என்று ஒருவர் பெயர் கீறியிருக்கிறது, அவருடைய பானையை எடுத்துக்கொள். அதில் யார் சமைத்தாள் என்று தொடங்கு. என்ன போட்டுச் சமைத்தாள் என்பதில் மட்டும் கவனம், ஆரம்பத்தில் சொல்லிவிட்டேன்.

செல்லூர் வாசகி: என் நாவலை எங்கே புத்தகமாகப் போடலாம்?

அம்மா, தாயே. மேலே.

பெத்தானியாபுரம் வாசகர்: பாண்டியர் காலக் கதாநாயகிக்கு வர்ஷினி என்று பெயர் வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

கோயில் கல்வெட்டில் விளக்குக்கு ஆடு கொடுத்தவர்கள், நிலம் விற்றவர்கள் பெயர் இருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படியுங்கள், பத்து கதாநாயகிகளோடு திரும்பி வருவீர்கள்.

தேனூர் வாசகர்: அம்மா, கோபம் இல்லையே? ஞாயிறு வந்தால் எங்கள் ஊர் ஆற்றில் அழகர் இறங்கிய இடத்தைக் காட்டுகிறேன்.

கோபம் என்மேல்தான் ஐயா. அடுத்த ஞாயிறு காலை வருகிறேன், 12-ஆம் அத்தியாயத்தின் பிரிண்டையும் எடுத்து வருகிறேன். மண்டபம் எந்தப் பக்கம், கரையிலிருந்து எத்தனை எட்டு, மாசியில் அங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும், இந்த மூன்றையும் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வைத்திருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எதுவும் செய்ய வேண்டாம். செய்தால் மிளகாய் போட்டே செய்யுங்கள், எனக்குக் காரம் வேண்டும்.