வாசெக்டமியை (விந்துக் குழாயை வெட்டும் ஆண் கருத்தடைச் சத்திரசிகிச்சை) மீளப் பொருத்தி மூன்று மாதம், ரிப்போர்ட்டில் விந்தணு குறைவு. இனிப் பிள்ளை கிடைக்குமா?

கிடைக்கலாம் தம்பி, மூன்று மாத ரிப்போர்ட்டை வைத்து மனம் தளர வேண்டாம். ஒரு விந்தணு உருவாகி முதிரவே ஏறத்தாழ 70 நாள் எடுக்கும், அதோடு பொருத்திய குழாயின் வீக்கமும் வற்ற வேண்டும். சிலருக்கு எண்ணிக்கை ஏற ஒரு வருடம்கூடச் செல்லும். முதல் சத்திரசிகிச்சைக்கும் இதற்கும் எத்தனை வருட இடைவெளி என்பதுதான் பெரிய விசயம்: 1991இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் 3 வருடத்துக்குள் மீளப் பொருத்தியவர்களில் 76 வீதமானோரின் மனைவியருக்குக் கரு தங்கியது, 15 வருடம் கடந்தவர்களில் 30 வீதம்தான். மனைவியின் வயதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்குச் சோதனைக்கு விந்து மாதிரியைக் கொண்டுபோகும்போது போத்தலை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போடாமல் சட்டைக்குள் உடம்போடு வைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். குளிர்ந்தாலோ பிந்தினாலோ விந்தணுவின் அசைவு குறைவாகத்தான் காட்டும். ஏறிய எண்ணிக்கை பிறகு விழுந்தால், தையல் போட்ட இடத்தைத் தழும்பு அடைக்கிறதா என்று உடனே வைத்தியரிடம் கேளுங்கள்.