தோரணத்தையும் தின்னலாம்

கேள்வி: பிலிப்பைன்ஸில் லுக்பான் என்ற சிற்றூரில் இருக்கும் மகளின் தோழி வீட்டுக்கு மே மாதம் போய் நான்கு நாள் தங்கினோம். வீட்டுக்கு வீடு கலர் காகிதத் தோரணம், பார்க்க அழகுதான். ஆனால் சாப்பாடு சப்பென்று இருந்தது. கொண்டுபோன புளிக்காய்ச்சல் காப்பாற்றியது. இதை எப்படித்தான் ரசிக்கிறார்களோ? (வாசகி, ஈரோடு)

பதில்: முதலில், அது காகிதம் இல்லை அம்மா. இலை வடாம்!

மே 15 அங்கே பஹியாஸ் திருவிழா. உழவர்களின் காவலரான புனித இசிதோருக்கு நன்றி சொல்ல, நெற்கதிர், காய், பழம் என்று விளைந்ததையெல்லாம் வீட்டு முகப்பில் கட்டுவார்கள். கூடவே தொங்குவது கிப்பிங். அரிசி மாவில் சாயம் கலந்து, நிஜ இலை மேல் தடவி, ஆவியில் வேகவைத்து, உரித்துக் காயவைப்பது. இலை நரம்புகூட அப்படியே பதிந்திருக்கும். பொரித்தால் நொறுக்குத் தீனி. ஈரோட்டுக்காரரான நீங்கள் வடாத்தை அடையாளம் தெரியாமல் விட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, சப்பென்று இருந்த விஷயம். தட்டுக்குப் பக்கத்தில் குட்டிக் கிண்ணங்கள் இருந்திருக்குமே? வினிகர், பாத்திஸ் என்கிற மீன்சாறு, கோலிக்குண்டு அளவில் கலமான்சி எலுமிச்சை, ஊசிமிளகாய் போன்ற சிலிங் லபுயோ. இவற்றை அவரவர் ருசிக்குக் கலந்து தொட்டுக்கொள்வதற்கு சவ்சாவன் என்று பெயர். சமைத்தவர் முக்கால்வாசிதான் முடித்திருப்பார், மீதி உங்கள் வேலை. குழம்பை ஊற்றாமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு ருசியில்லை என்றால் சமைத்தவர் என்ன செய்வார்?

பன்சித் ஹப்ஹப் சாப்பிட்டீர்களா? அந்த ஊரின் தெருப்பண்டமே அதுதான். வாழையிலைத் துண்டில் நூடுல்ஸ், மேலே கொஞ்சம் வினிகர். முள்கரண்டி கிடையாது, கையும் கூடாது. இலையை வாயருகே தூக்கி அப்படியே கவ்வ வேண்டும். மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம்.

பன்றியும் மீனும் சாப்பிடாதவர் என்றால் திண்டாட்டம்தான், மறுக்கவில்லை. பூண்டு மணக்கும் லொங்கனிசா என்ற பன்றித் தொத்திறைச்சி உங்களுக்கு ஆகாது. பாகற்காய், கத்தரி, வெண்டை போட்ட பினாக்பெட்டிலும் பாகோங் என்ற மீன் அல்லது இறால் விழுது ஒளிந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள், ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இலையில் சுற்றி வேகவைத்த சுமானைக் கேட்கலாம்.

இன்னொன்று. உங்களைப் பார்த்ததும் 'காயின் தாயோ' என்றிருப்பார்கள். சாப்பிடலாம் வாங்க என்று அர்த்தம். அங்கே பேசும் தகலோகு மொழியிலும் நம்மைப் போலவே 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'தாயோ' என்பது நாம். 'காமி' என்றால்தான் நாங்கள். அப்படிக் கூப்பிட்டவர்களுக்கு அந்தப் புளிக்காய்ச்சலில் ஒரு கரண்டி கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் வினிகருக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள்.